வருவதும் போவதுமாக: யூ.எஸ்.பி எனும் செருகியின் கதை

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கனடாவிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. பேசியவர், யாழ்ப்பாணத்தில் பத்திரிகை அச்சகமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சுக்கோப்பாளராகக் கடமையாற்றிய பெரியவர் ஒருவரின் மகள். பெரியவர் காலமாகி ஓராண்டு நிறைவடையவிருந்தது.

"அண்ணை, அப்பா இருக்கேக்க நீங்கள் அவரை ஒருக்கா ரெக்கோட் பண்ணினனீங்களாம். அம்மா சொன்னவ. அது இப்பவும் உங்களிட்ட இருக்கோ? எங்களிட்ட அவர் கதைக்கிற ஒண்டுமே இல்லை. ஆட்டத் திவசத்துக்கு எல்லாரும் வருவினம். போட்டுக் கேட்கலாம் எண்டு..."

இருக்கிறது என்று சொன்னேன். தயங்காமல் சொன்னேன். 2004 ஆம் ஆண்டு, ஏ-9 வீதி திறந்திருந்த அந்தச் சமாதான காலத்தில், ஈய எழுத்துகளின் காலத்தைப் பற்றிய கட்டுரைத் தொடருக்காக அவரது வீட்டு விறாந்தையில் அமர்ந்து ஒன்றரை மணிநேரம் பதிவு செய்திருந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் கிடைக்காமல் கோடிட்ட பாடசாலைக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட கதையை அவர் சொல்லக் கேட்டது அன்றுதான். பின்னர் கசெற்றில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியபோது, 2011 இல், அதனைக் கணனிக்கு மாற்றி ஒரு வெளி வன்தட்டில் சேமித்து வைத்தேன். அதே வன்தட்டில்தான் மேலும் முப்பது பேரளவிலான மூத்தவர்களின் குரல்களும் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை.

வன்தட்டை எடுத்து மடிக்கணனியில் செருகினேன். இரண்டு சுரங்கள் ஏறி ஒலித்தன. திரையில் அடையாளம் தோன்றியது. கோப்புறையைத் திறந்தேன். பத்துச் செக்கன்கள் செல்லவில்லை, அதே இரண்டு சுரங்கள் இறங்கி ஒலித்தன. கோப்புறை மறைந்தது. மீண்டும் ஏறும் சுரம். மீண்டும் இறங்கும் சுரம். நான் எதையும் தொடவில்லை. வன்தட்டு மேசையில் அசையாமல் கிடந்தபடியே கணனிக்குள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தது. கழற்றிச் செருகினேன், துடைத்துச் செருகினேன், ஊதிச் செருகினேன். பிற்பகலளவில், இந்தத் தட்டினை 'ஃபோமற்' செய்ய விரும்புகிறீர்களா என்று கணனி என்னைப் பணிவுடன் கேட்டது.

யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்த 1981 ஆம் ஆண்டில் நான் பாடசாலை மாணவன். ஒரே பிரதியாக இருப்பது எப்படி ஒரே இரவில் இல்லாமற் போகும் என்பதை அந்த வயதிலேயே அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன். மேடைகளில் அதைப்பற்றிப் பேசியும் இருக்கிறேன். ஆனால் முப்பது பேரின் குரல்களை ஒரேயொரு தட்டில் மட்டும் வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாலையில் மருமகன் வந்தான். இலத்திரனியல் படித்தவன். வந்தவுடன் அவன் செய்த முதல் வேலை, என் கையிலிருந்த வயரை வாங்கி வைத்ததுதான்.

"மாமா, திரும்பத் திரும்பச் செருகாதேங்கோ. எழுதிக்கொண்டிருக்கேக்க அறுந்தா உள்ளுக்கு இருக்கிறதும் குழம்பிப் போடும். ஃபோமற் எண்டு கேட்டா ஒருநாளும் ஓமெண்டு அமத்தாதேங்கோ. முதல்ல இது ஏன் போகுது எண்டு பாப்பம்."

அன்றிரவு அவன் சொன்னவற்றில் பாதி எனக்கு விளங்கவில்லை. அடுத்த சில வாரங்கள் தேடித் தேடி வாசித்தேன். வாசித்தபோது, இந்தச் சிறிய செருகிக்குப் பின்னால் ஒரு முப்பதாண்டு வரலாறு இருப்பதும், என் வன்தட்டுக்கு நேர்ந்த குழப்பம் அந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்ததும் தெரியவந்தது.

1994 இல் நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது, கணனிப் பகுதி என்பது கண்ணாடிக் கதவு போட்ட, குளிரூட்டப்பட்ட ஒரு தனி அறை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அங்கிருந்த கணனிகளின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அச்சியந்திரத்துக்கு 25 ஊசிகள் கொண்ட அகன்ற செருகி, சுட்டிக்கு 9 ஊசிகள் கொண்ட வேறொன்று, விசைப்பலகைக்கு வட்டமான இன்னொன்று. பலவற்றைச் சிறு திருகாணிகளால் இறுக்க வேண்டும். படம் வருடும் கருவிக்கோ தனியான அட்டை. அந்தத் தொடரின் கடைசிக் கருவியில் முடிவுத் தடை ஒன்று பொருத்தாவிட்டால் எதுவும் இயங்காது. புதிய அட்டையொன்றைச் சேர்ப்பதென்றால் கணனியை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஏற்கனவே உள்ள அட்டைகளுடன் மோதாத இலக்கமொன்றை அதற்குத் தெரிவு செய்ய வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும்போது எதையேனும் கழற்றுவது தடை செய்யப்பட்ட செயல். விசைப்பலகையைக் கழற்றிச் செருகியதில் தாய்ப்பலகையில் உருகி எரிந்துபோன கதைகள் அக்காலத்தில் சாதாரணம்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தத் திருகாணிகளால் இறுக்கிய செருகிகள் தாமாகக் கழன்றதில்லை.

இந்தக் காட்டை ஒரே பாதையாக்க வேண்டுமென்ற முயற்சி அதே 1994 இல்தான் அமெரிக்காவில் தொடங்கியது. கொம்பாக், டிஜிட்டல் இக்விப்மென்ற், ஐ.பி.எம்., இன்ரெல், மைக்ரோசொஃப்ட், என்.ஈ.சி., நோர்தேர்ன் ரெலிகொம் ஆகிய ஏழு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்தன. இன்ரெல்லில் இப்பணியை முன்னின்று நடத்தியவர் அஜய் பட். இந்தியாவில் பிறந்து, பரோடாவிலுள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, 1990 இல் இன்ரெல்லில் சேர்ந்தவர். வீட்டில் கணனியுடனும் அச்சியந்திரத்துடனும் தாம் பட்ட பாடே இந்த எண்ணத்தைத் தூண்டியது என்று அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். 2013 இல் அவருக்கும் பாலா சுதர்சன் கடம்பி உள்ளிட்ட அவரது குழுவினருக்கும் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது வழங்கப்பட்டது. (2009 இல் இன்ரெல் அவரை ரொக் இசை நட்சத்திரம் போலக் காட்டி ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் தோன்றியவர் அவரல்லர், ஒரு நடிகர்! கண்டுபிடிப்பாளர்களின் முகம் விளம்பரத்துக்குப் போதாது போலும்.)

யூ.எஸ்.பியின் முதலாம் பதிப்பு 1996 ஜனவரியில் வெளியானது. ஒரு வயருக்குள் நான்கே நான்கு கம்பிகள். இரண்டு கம்பிகள் 5 வோல்ற் மின்சாரத்துக்கு, மற்றைய இரண்டு தகவலுக்கு. ஒரே கணனியில் 127 கருவிகள் வரை இணைக்கலாம். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, அது பயனாளருக்கு ஒரு வாக்குறுதியை அளித்தது. எப்போது வேண்டுமானாலும் செருகலாம், எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம், கணனியை நிறுத்தத் தேவையில்லை.

இந்த வாக்குறுதியை நிறைவேற்ற அவர்கள் கண்ட வழி மிக எளிமையானது. கணனிப் பக்கத்தில் இரண்டு தகவல் கம்பிகளும் 15 கிலோ ஓம் தடைகளால் கீழே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். எதுவும் செருகப்படாதபோது இரண்டிலும் மின்னழுத்தம் இல்லை. கருவியினுள் 1.5 கிலோ ஓம் தடை ஒன்று, இவ்விரண்டில் ஒரு கம்பியை மேலே இழுக்கும். செருகியவுடன் அந்தக் கம்பி உயர்கிறது. யாரோ வந்திருக்கிறார் என்று கணனி அறிகிறது. கம்பி தாழ்ந்துவிட்டால் வந்தவர் போய்விட்டார். செருகியினுள் பார்த்தீர்களானால் மின்சாரத்துக்கான இரண்டு தகடுகளும் சற்று நீளமாகவும் தகவலுக்கான இரண்டும் சற்றுக் குட்டையாகவும் இருக்கும். செருகும்போது மின்சாரம் முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியாக விலகவும் செய்த ஏற்பாடு அது.

வந்தவரைக் கணனி உடனே உள்ளே விடுவதில்லை. தொடுகை நிலைபெறும்வரை குறைந்தது 100 மில்லி செக்கன்கள் வாசலிலேயே காத்திருக்க வைக்கிறது. பின்னர் நீ யார், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, என்ன வேலை செய்வாய், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று விசாரித்து, ஒரு இலக்கமும் கொடுக்கிறது. விசாரணை முடிந்து பதிவாகும் வரை 100 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்க அனுமதி இல்லை. பதிவான பின்னர் கேட்டால் 500 வரை கிடைக்கும். கொழும்பில் பொலிஸ் பதிவுக் காலத்தில் வாழ்ந்த எம்மவர்களுக்கு இந்த நடைமுறையை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு தடவை வெளியே போய் வந்தால் பழைய பதிவு செல்லாது. பெயர், ஊர், காரணம் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

போனதை அறிவதில்தான் சிக்கல். இரண்டு கம்பிகளும் சேர்ந்தாற்போல் சுமார் 2 மைக்ரோ செக்கன்களுக்குத் தாழ்ந்து கிடந்தால் கருவி அகற்றப்பட்டது என்று கணனி தீர்மானித்துவிடலாம் என்பது விதி. வந்ததை நம்புவதற்கு 100 மில்லி செக்கன். போனதை நம்புவதற்கு 2 மைக்ரோ செக்கன். ஐம்பதாயிரம் மடங்கு வித்தியாசம்! பின்னர் வந்த வேகமான பதிப்புகளில் கண்டறியும் முறை மாறியதே தவிர, அடிப்படை மாறவில்லை. கையால் பிடுங்கினாலும், வயர் ஒரு கணம் ஆடினாலும், மின்சாரம் குறைந்து கருவி மயங்கி விழுந்தாலும் கணனிக்கு அவை மூன்றும் ஒன்றே. அது பார்ப்பது தாழ்ந்துபோன ஒரு கம்பியை மட்டும். தாழ்ந்ததன் காரணத்தை அறிய அதனிடம் வழி இல்லை.

வருவதும் போவதுமான அந்த நோய் யூ.எஸ்.பியின் பழுதல்ல என்று மருமகன் சொன்னதன் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கியது. நினைத்தபோது பிடுங்கலாம் என்ற சுதந்திரத்தை எமக்குத் தந்த அதே பொறிமுறைதான், நாம் பிடுங்காதபோதும் பிடுங்கிவிட்டோம் என்று நம்புகிறது.

யாழ்ப்பாணத்தில் 1990 இல் மின்சாரம் நின்றுபோன பின்னர், மின்கலமும் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், நாங்கள் வானொலி கேட்ட விதத்தை இளையவர்கள் நம்பமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர். மாலைச் செய்தி நேரத்தில் சந்திக்குச் சந்தி இந்தக் காட்சியைக் காணலாம். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும். "சுத்தடா, சுத்தடா" என்று சத்தமிட்டால் மீண்டும் எழும்பும். குரல் தேய்ந்ததே தவிர, செய்தி வாசிப்பவர் எம்மைவிட்டு ஒரேயடியாகப் போனதில்லை. யூ.எஸ்.பியிடம் இந்தத் தேய்தல் கிடையாது. போதிய மின்னழுத்தம் இருந்தால் முழுமையாக இருக்கும். குறைந்தால் முழுமையாகப் போய்விடும். பிறகு பதிவு விசாரணை முதலிலிருந்து.

தொடக்கத்தில் இந்தச் செருகியை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1996, 1997 இல் வாங்கிய கணனிகளின் பின்புறத்தில் இரண்டு சிறு துளைகள் இருந்தன. செருகுவதற்கு எதுவும் இருக்கவில்லை. 1998 ஏப்ரல் 20 அன்று சிக்காகோவில் நடந்த கொம்டெக்ஸ் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவரது உதவியாளர் கிறிஸ் கப்போசெலா விண்டோஸ் 98 இல் இயங்கிய கணனியில் படம் வருடும் கருவியொன்றைச் செருகிக் காட்டினார். செருகினால் கணனி தானே அறிந்துகொள்ளும் என்பதை உலகுக்குக் காட்டுவதே நோக்கம். செருகியதும் திரை முழுவதும் நீல நிறமானது, கணனி செயலிழந்தது. அரங்கமே சிரித்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை என்ற பொருள்பட கேட்ஸும் சொல்லிச் சமாளித்தார். அந்த ஒளிப்பதிவை இன்றும் இணையத்தில் காணலாம்.

மைக்ரோசொஃப்ட்டின் நீண்டகாலப் பொறியியலாளர் ரேமண்ட் சென், அந்நிறுவனத்தின் பழைய கதைகளை எழுதிவருபவர், ஒரு சுவையான தகவலைப் பதிவு செய்திருக்கிறார். யூ.எஸ்.பி குழுவினர் தள்ளுவண்டி ஒன்றில் பற்பல கருவிகளை ஏற்றி, அவை அனைத்தையும் ஹப்கள் வழியாக ஒரேயொரு செருகிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்களாம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மரண வண்டி'. வண்டியைத் தள்ளிச் சென்று கணனியில் செருகுவார்கள். அத்தனை கருவிகளும் ஒரே கணத்தில் வந்து சேரும். பிடுங்குவார்கள்; அத்தனையும் ஒரே கணத்தில் காணாமற்போகும். கணனி தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. என் வன்தட்டு ஒரு ஞாயிறு முழுவதும் எனக்குக் காட்டிய வேடிக்கையை அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

யூ.எஸ்.பியை நிலைநிறுத்தியது, அதை உருவாக்கிய ஏழு நிறுவனங்களில் ஒன்றல்ல என்பது இவ்வரலாற்றின் வேடிக்கை. 1998 ஓகஸ்ட் 15 இல் அப்பிள் நிறுவனம் ஐமாக் கணனியை விற்பனைக்கு விட்டது. பழைய செருகிகள் எதுவும் அதில் இல்லை, ஃபுளொப்பித் தட்டுக்கு வாசலும் இல்லை. இரண்டு யூ.எஸ்.பி போர்ட்கள் மட்டுமே. கருவி தயாரிப்பவர்களுக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. 2000 ஏப்ரலில் இரண்டாம் பதிப்பு செக்கனுக்கு 480 மெகாபிட் வேகத்துடன் வந்தது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனமும் இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் நிறுவனமும் விரலளவு நினைவகங்களை வெளியிட்டன; 2000 டிசம்பரில் ஐ.பி.எம். அமெரிக்காவில் விற்றது 8 மெகாபைட் கொள்ளளவுடையது. 1.44 மெகாபைட் ஃபுளொப்பியில் பக்கங்களைக் காவித் திரிந்த எமக்கு அதுவே பெரும் செல்வமாகத் தெரிந்தது. சில ஆண்டுகளின் பின் கழுத்தில் அடையாள அட்டையோடு பென்ட்ரைவும் தொங்காத செய்தியாளரை எங்கள் அலுவலகத்தில் காண்பது அரிது.

வன்தட்டுகள் யூ.எஸ்.பிக்கு வந்தபோதுதான் மின்சாரப் பிரச்சினை தலைதூக்கியது. 500 மில்லி அம்பியர் என்பது சுட்டியையும் விசைப்பலகையையும் மனதில் வைத்து வகுத்த எல்லை. வன்தட்டுக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. அது சுழலத் தொடங்கும் முதல் சில செக்கன்களில் சில தட்டுகள் ஒரு அம்பியரை அண்மித்த மின்னோட்டத்தைக் கேட்கும். அதனால்தான் 2000 களில் விற்ற பல வன்தட்டுகளுடன் ஒரு முனையில் இரண்டு செருகிகள் கொண்ட விசித்திரமான வயரும் வந்தது. ஒரு போர்ட்டிலிருந்து தகவலும் மின்சாரமும், மற்றதிலிருந்து மின்சாரம் மட்டும். விதிகள் இதனை ஏற்கவில்லை, சந்தை ஏற்றது. 2008 நவம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பு எல்லையை 900 மில்லி அம்பியராக உயர்த்திய பிறகுதான் இந்த இரட்டை வயர் மெல்ல மறைந்தது.

வயரும் மின்சாரத்தைத் தின்னும். மலிவான வயர்களினுள் இருக்கும் மெல்லிய கம்பிக்கு மீற்றருக்கு 0.2 ஓமுக்குச் சற்று அதிகமான தடை உண்டு. இரண்டு மீற்றர் வயரென்றால் போகவர நான்கு மீற்றர். அரை அம்பியர் ஓடினால் 0.4 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். ஒரு அம்பியர் ஓடினால் அதன் இருமடங்கு. புறப்பட்டது 5 வோல்ற், போய்ச் சேர்ந்தது நாலேகால். மோட்டார் திணறும், கருவி மயங்கும், கம்பி தாழும். கணனி இறங்கும் சுரத்தை ஒலிக்கும். சுமை விலகியதும் மின்னழுத்தம் மீளும், கருவி விழிக்கும், ஏறும் சுரம். இப்படித்தான் அந்த வட்டம் சுழல்கிறது.

செருகியின் தேய்மானமும் இவ்வாறே. ஆரம்பகாலத் தட்டைச் செருகிக்கு விதிகள் எதிர்பார்த்த ஆயுள் 1,500 தடவைகள். தொலைபேசிகளுக்காக 2007 இல் வந்த மைக்ரோ வகைக்கு 10,000. மைக்ரோவை வடிவமைத்தவர்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். இறுகப் பிடிக்கும் சிறு வில்களைக் கருவியிலிருந்து எடுத்து வயரின் முனைக்கு மாற்றினார்கள். தேயவேண்டியது தேய்ந்தே தீரும். விலையுயர்ந்த கருவி தேய்வதைவிட மலிவான வயர் தேயட்டும் என்ற கணக்கு. ஆகவே கருவி ஆட்டம் கண்டால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது வயரைத்தான். கடைக்காரர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

வேறு இரண்டு காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து, வேலையின்றி இருக்கும் கருவியை மின்சாரத்தைச் சேமிப்பதற்காக உறங்க வைக்கும் வழக்கம் கணனிகளுக்கு உண்டு. சில கருவிகள் அந்த உறக்கத்திலிருந்து ஒழுங்காக விழிப்பதில்லை. சும்மா இருக்கும்போது மட்டும் ஒரு கருவி மறைந்துபோனால் இதனைச் சந்தேகிக்கலாம். அந்த வசதியைக் கணனியின் மின் முகாமைத்துவ அமைப்பில் நிறுத்திவைக்க முடியும். இரண்டாவது, மூன்றாம் பதிப்பின் வேகமான தகவலோட்டம் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகிறது என்பதை 2012 இல் இன்ரெல் நிறுவனமே ஓர் ஆய்வறிக்கையில் வெளியிட்டது. வயரில்லாச் சுட்டிகள் இயங்குவதும் அதே அலைவரிசையில்தான். வன்தட்டுக்குப் பக்கத்துப் போர்ட்டில் செருகிய சுட்டி தடுமாறினால் குற்றவாளி சுட்டியாக இருக்க வேண்டியதில்லை.

2014 ஓகஸ்டில் அறிமுகமான சி வகைச் செருகி, எந்தப் பக்கமும் புரட்டிச் செருகலாம் என்ற புதிய சுதந்திரத்தைத் தந்தது. முதலிலேயே ஏன் அப்படிச் செய்யவில்லை என்று கேட்டபோது, கம்பிகளும் சுற்றுகளும் இருமடங்காகிச் செலவு கூடியிருக்கும் என்று அஜய் பட் பதிலளித்தார். இதற்கும் விலை இருந்தது. 2015 இல் கூகுள் பொறியியலாளர் பென்சன் லியுங் கடையில் கிடைத்த வயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிக்கத் தொடங்கினார். பலவற்றில் தவறான தடை பொருத்தப்பட்டிருந்தது. 2016 பெப்ரவரியில் கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்ட ஒரு வயர் அவரது கணனியையே எரித்தது. 2019 இல் வெளியான ரஸ்பெரி பை 4 என்ற சிறு கணனியில் இரண்டு தடைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே வைக்கப்பட்டதால், சில உயர்தர வயர்களால் இணைத்தபோது மின்னேற்றிகள் அதனை ஒலிக்கருவி என்று எண்ணி மின்சாரம் கொடுக்க மறுத்தன. ஒரு சதம் பெறாத தடைதான்! ஆயினும் சி வகை வென்றுவிட்டது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கைத்தொலைபேசிகளுக்கு அது சட்டப்படி கட்டாயம்.

இனி என் வன்தட்டுக்கு வருவோம். மருமகன் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினான். நான் அன்று பகல் முழுவதும் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் எதுவும் புலப்படவில்லை. முதலில் அவன் வன்தட்டில் செருகியிருந்த முனையை மிக இலேசாகத் தொட்டான். இறங்கும் சுரம். அந்த அகன்ற, இரண்டு பகுதிகளாகப் பிரிந்த மைக்ரோ முனை தளர்ந்திருந்தது. பெட்டியோடு வந்த பழைய வயரை ஒதுக்கிவிட்டுத் தன் பையிலிருந்து குட்டையான புதிய வயர் ஒன்றை எடுத்தான். இப்போது தொட்டாலும் அசைத்தாலும் ஒன்றும் நடக்கவில்லை. வெற்றி என்று நான் எழுந்தேன். பெரிய கோப்பொன்றைப் படியெடுக்கத் தொடங்கியதும் மீண்டும் போயிற்று.

"அசைச்சாப் போனா வயர். வேலை குடுத்தாப் போனா கரண்ட்," என்றான். பிறகு மேசையின் கீழே குனிந்து பார்த்தான். என் மடிக்கணனியில் போர்ட்கள் போதாதென்று நான் வாங்கிப் பூட்டியிருந்த நான்கு வாய் கொண்ட சிறிய ஹப் அங்கே இருந்தது. அதற்கென்று தனியாக மின்சாரம் இல்லை. ஒரு போர்ட்டிலிருந்து கிடைப்பதை வன்தட்டு, விசைப்பலகை, சிறு மின்விசிறி, தொலைபேசி ஆகிய நான்கும் பங்கிட்டுக்கொண்டிருந்தன. மின்விசிறியும் அதிலா என்று கேட்டான். கொழும்பு வெக்கையைப் பற்றி நான் ஏதோ சொன்னேன். வன்தட்டைக் கழற்றி நேரடியாகக் கணனியில் செருகினான்.

ஏறும் சுரம் ஒருமுறை ஒலித்தது. அவ்வளவுதான்.

எதைத் திறந்தும் பார்க்க அவன் விடவில்லை. முதலில் முக்கியமானது, பிறகு மற்றவை என்ற வரிசையில் கணனிக்குப் படியெடுத்தான். முழுவதும் முடிய இரவு பதினொன்றரை ஆயிற்று. பின்னர் வேறொரு தட்டுக்கு ஒரு பிரதி, இணையச் சேமிப்பகத்துக்கு ஒரு பிரதி. ஒரு கோப்புக்கூடத் தொலையவில்லை. அதன் பிறகுதான் பெரியவரின் பதிவைத் திறந்தோம். முதலில் இருமல். பிறகு, "இது ஓடுதோ தம்பி?" என்ற கேள்வி.

அன்றிரவே கனடாவுக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நாட்களின் பின் மகளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. முப்பத்தோராம் நிமிடத்தளவில் பின்னால் ஒரு பெண்குரல், தேத்தண்ணி ஆறுது எண்டு சொல்லுதே, அது அம்மாவோ என்று கேட்டிருந்தார். ஓம், அம்மாதான் என்று பதில் எழுதினேன்.